எண்பத்தோராவது ஆள்

ஆயர். செயலர். ரிட்டையர் ஆன டீச்சரம்மா. இன்ஜின் கம்பெனி பிட்டர். லைவ் போடும் பெண். கதவோரம் நான். மேசை மேல் ஒரு போன், அணைத்து வைத்தது.

ஆறு பேர். போனைச் சேர்க்கவில்லை.

ராயபுரத்தில் எங்கள் சர்ச். பெரியது இல்லை. பின்பக்கம் வெஸ்ட்ரி என்று ஒரு சின்ன அறை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி அங்கேதான் கூடும். நான் கமிட்டி ஆள் கிடையாது. மணி அடிப்பேன். பெஞ்சு துடைப்பேன். திருவிருந்துக் கப்பு கழுவுவேன். செயலர் தெற்கத்திக்காரர், தண்டையார்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். அவர் ஊரில் இந்த வேலைக்குக் கோயில்பிள்ளை என்று பேராம். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கூட்டத்தில் நான் இருப்பது டீ கொடுக்கவும், கேட்டால் பதிவேட்டை எடுத்து வைக்கவும்.

அன்றைக்குப் பேச்சு, ஆராதனையைப் போனில் காட்டும் லைவைப் பற்றி.

கொரோனா காலத்தில் ஆரம்பித்தது அது. சர்ச்சைப் பூட்டிவிட்டோம். ஆயரும் நானும் அந்தப் பெண்ணும் மட்டும் உள்ளே. அவள் ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறாள். தன் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி நடுவில் வைத்தாள். ஆயர் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் பண்ணினார். முதல் வாரம் அவருக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னையே பார்த்துப் பேசினார். நான் கைக்குட்டையை எடுக்கக்கூட யோசித்தேன்.

திருவிருந்து எங்களுக்கு மாதம் ஒரு முறை, முதல் ஞாயிறு. அப்போது ஆயர் சொன்னார், வீட்டிலேயே ஒரு துண்டு ரொட்டியும் கொஞ்சம் திராட்சைச் சாறும் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லும்போது எடுங்கள் என்று. வேறு வழி இல்லை. திறந்த பிறகு, இனிமேல் நேரில் வந்துதான் எடுக்க வேண்டும், வர முடியாதவர்கள் வீட்டுக்கு நான் வருகிறேன் என்றார். அவருக்கு எண்ணூரிலும் ஒரு சபை, விம்கோ நகரிலும் ஒரு சபை. ஒருவர்தானே. வருஷத்துக்கு இரண்டு வீட்டுக்குப் போனாலே அதிகம்.

லைவ் மட்டும் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

செயலருக்கு அது பிடிக்கவில்லை. பெஞ்சு காலியாகிறது என்றார். ஜனங்கள் அடுப்பில் கறியை வைத்துவிட்டு, போனைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆமென் என்று கை கூப்பும் படத்தை அனுப்பிவிட்டு, வெங்காயம் நறுக்குகிறார்கள் என்றார். பொய் இல்லை. டீச்சரம்மா சிரித்துவிட்டு, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்.

லைவ் போடும் பெண் விடவில்லை. கப்பலில் வேலை செய்கிற ஒருவர் பார்க்கிறார், துபாயில் ஒரு நர்சு பார்க்கிறாள், நாற்பது பேருக்குக் குறையாது என்றாள்.

"கப்பல்ல இருக்கவன் சரிம்மா," என்றார் செயலர். "கடலு நடுவுல கோயில் இல்ல. மூணாவது தெருவுல இருக்கவன் ஏன் வரல? அத சொல்லு."

அவள் மேசை மேல் இருந்த தன் போனைத் திருப்பி வைத்தாள்.

செயலர் கெட்டவர் இல்லை. அதையும் எழுத வேண்டும். பதினாறு வயதில் ஊரை விட்டு வந்தவர். மண்டியில் மூட்டை மேல் படுத்தவர். பட்டணத்தில் வாரத்துக்கு ஒரு நாள் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது இந்தச் சர்ச் ஒன்றுதான் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். பெஞ்சு காலியானால் அவருக்கு வீடு காலியான மாதிரி.

அடுத்த மாதத்திலிருந்து லைவை நிறுத்திவிடலாம் என்றார். பிட்டர் தலையாட்டினார். ஆயர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

நான் டீ கிளாசைப் பொறுக்கினேன். என் வீட்டை நினைத்தேன்.

வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீடு. மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. என் வீட்டுக்காரி காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் இருபது வருஷம் ஐஸ் தண்ணீரில் நின்றவள். கொரோனா முடிந்து சர்ச் திறந்தபோது என்னோடு வந்துகொண்டுதான் இருந்தாள். ஒரு மழை நாளில் படிக்கட்டில் வழுக்கினாள். இடுப்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். நடை, வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி. அவ்வளவுதான்.

ஒரு கிறிஸ்துமசுக்கு நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மாடிக்கு மாடி ஜனம் எட்டிப் பார்த்தது. திரும்பி வந்ததும் சொன்னாள்: "இனிமே வோணாம். சாமி ஊர்வலம் போற மாரி கீது."

அதன் பிறகு அவளுக்குப் போன் மட்டும்தான்.

பக்கத்து வீட்டம்மா ஒன்பது மணிக்கு வருவாள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். போனைத் தண்ணீர் டிரம் மேல் சாய்த்து வைத்து லைவைப் போட்டுக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். ஆயர் எழுந்து நில்லுங்கள் என்றால் என் வீட்டுக்காரியால் முடியாது. இவள் எழுந்து நிற்பாள்.

"நீ இன்னாத்துக்கு நிக்கிற?" என்று கேட்டிருக்கிறாள் என் வீட்டுக்காரி.

"அவுரு நிக்கச் சொல்றாரு, நீ குந்திக்கினே கீற. ஒரு வூட்டுக்கு ஒருத்தராச்சும் நிக்க வோணாமா?"

முதல் ஞாயிறு என்றால், முந்தின நாளே என் வீட்டுக்காரி உலர்ந்த திராட்சையைச் சுடுதண்ணீரில் போட்டுப் பிழிந்து வைப்பாள். டீக்கடை பன்னில் ஒரு துண்டு. ஆயர் நேரில் வரச் சொன்னது அவளுக்குத் தெரியும். வருகிறேன் என்று சொன்னாரே, வருகிற வரைக்கும் இது என்பாள். போனில் ஆசீர்வதித்தது பன்னுக்கு வந்து சேருமா சேராதா எனக்குத் தெரியாது. நான் அஞ்சாங்கிளாஸ். அவள் கண்ணை மூடி எடுப்பாள் என்று பக்கத்து வீட்டம்மா சொல்வாள். நான் பார்த்ததில்லை. அந்த நேரம் நான் சர்ச்சில் கப்பு எண்ணிக்கொண்டிருப்பேன்.

அந்த எண்ணிக்கையில்தான் மாட்டிக்கொண்டேன்.

கொரோனாவுக்குப் பிறகு ஒரே பாத்திரத்தில் எல்லோரும் குடிப்பது நின்றது. ஆளுக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் கப்பு. பாரிமுனையிலிருந்து செயலரே வாங்கி வந்தார். தட்டுக்கு நாற்பது, இரண்டு தட்டு. ஆராதனை முடிந்ததும் குடித்த கப்புகளை எண்ணிக்கொண்டே கழுவுவேன். ஆசீர்வதித்த திராட்சை ரசம் பட்ட தண்ணீர், சாக்கடையில் விடக் கூடாது. மண்ணில்தான் ஊற்ற வேண்டும். வேப்பமரத்தடியில் ஊற்றுவேன். எண்ணின எண்ணைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதுவேன். ஆயர் அதன் மேல் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். திருவிருந்து எடுத்தவர்கள் இத்தனை பேர்.

அவள் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிறு. கப்பு ஐம்பத்தெட்டு. பென்சிலைப் பிடித்தேன். இத்தனை வருஷமாக நான் எழுதின எண்ணில் எல்லாம் அவள் இருந்தாள். மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். அவளைக் கழித்துவிட்டு எழுதக் கை வரவில்லை. அந்த நேரம் வீட்டில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதுவும் தெரியும்.

ஐம்பத்தொன்பது என்று எழுதினேன்.

அடுத்த மாதமும் அப்படியே. பிறகு பழகிவிட்டது. அவளிடம் சொல்லவில்லை.

வெஸ்ட்ரிக்கு வருகிறேன். செயலர் ஆள் குறைந்திருப்பதைக் காட்டப் பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். மண்டிக்காரர். எண்ணைப் பார்த்தால் விரல் தானாக ஓடும். இந்த மாதம், போன மாதம் என்று புரட்டிக்கொண்டே போனார். வருஷத்தின் முதல் ஞாயிறில் விரல் நின்றது. புது வருஷம் என்று அன்று கூட்டம் வந்திருந்தது. இரண்டு தட்டும் காலி.

"எண்பத்தொண்ணு போட்டிருக்கு," என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"கப்பு எண்பதுதான். நான்தான் வாங்குனேன். எண்பத்தொண்ணு எப்படி வரும்? கோயில்பிள்ள, நீரு எண்ணுறதுல தப்பு வராதே."

தப்பு வராது. அதுதான் பிரச்சினை. தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. ஹார்பரில் மூட்டை தூக்கின காலத்தில் கப்பலில் சரக்கு இறங்கும்போது கணக்குச் சொல்கிறவன் நான். ஒரு மூட்டை விட்டதில்லை. பொய் எழுதிவிட்டேன், சரி. தப்பாக எண்ணினேன் என்று இன்னொரு பொய் வேண்டாம் என்று தோன்றியது.

"கப்பு எண்பதுதான்," என்றேன். "ஒண்ணு நான் சேத்தது."

"யாரு அந்த ஒண்ணு?"

"என் வூட்டுக்காரி."

 பிறகு விவரத்தைச் சொன்னேன். திராட்சை, பன், தண்ணீர் டிரம், பக்கத்து வீட்டம்மா நிற்பது, எல்லாம். இருபத்திரண்டு மாதம் என்றும் சொன்னேன். லைவ் போடும் பெண், கை கூப்பும் படம் ஒன்று எல்லோருக்கும் முன்னால் ஒன்பதரைக்குச் சரியாக வரும், அது இவர் வீட்டுப் போன்தான் என்றாள். அது எனக்கே தெரியாது.

ஆயர் என்னைவிட இருபது வயது சின்னவர். என்னை அண்ணே என்பார். அவர் முகம் வாடியிருந்தது.

"இருபத்திரண்டு தடவையும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், அண்ணே," என்றார்.

"ஆமாங்க."

"திருத்தணும்."

"திருத்துறேன்."

"வீட்டுக்கு வர்றேன்னு சொன்னது நான். வராதது என் தப்பு. அது வேற. பதிவேட்டத் திருத்தணும்."

சரி என்றேன். இந்த வேலை போய்விடும் என்று நினைத்தேன். லைவும் போய்விடும். அவளிடம் போய் என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது.

ஆயர் செயலர் பக்கம் திரும்பினார். அடுத்த முதல் ஞாயிறு இங்கே முடித்த கையோடு எண்ணூருக்கு ஓட வேண்டும் என்றார். இந்த மேசையில் ஆசீர்வதித்த அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் நீங்கள் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், கமிட்டி ஆள் ஒருவருக்குப் பேராயரிடம் அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார்.

"நானா?" என்றார் செயலர்.

"லைவ நிறுத்தணும்னு சொல்றது நீங்கதான. பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்பறம் முடிவு பண்ணலாம்."

வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"நான் வராத எடத்துல நான் வந்தேன்னு நீ எப்பிடி எழுதுவ?"

"நீயும் எடுத்தியே."

"எடுத்தேன். இங்க எடுத்தேன். அது ஆண்டவருக்குத் தெரியும். உன் பென்சிலுக்கு இன்னா தெரியும்?"

அன்றைக்குச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு என்னிடம் பேசவில்லை. பக்கத்து வீட்டம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவளுக்காக நான்தானே நின்றேன், என்னை எந்தக் கணக்கில் எழுதினாய் என்று கேட்டாள். எழுதவில்லை என்றேன். அதற்கும் கோபித்துக்கொண்டாள்.

புதன்கிழமை வெஸ்ட்ரியில் உட்கார்ந்து திருத்தினேன். சிவப்புப் பேனா. ஒவ்வொரு எண்ணின் மேலும் ஒரு கோடு, பக்கத்தில் ஒன்று குறைத்து. ஆயர் ஒவ்வொன்றுக்கும் சின்னக் கையெழுத்துப் போட்டார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு முறையும் அவளை வெளியே அனுப்புகிற மாதிரி இருந்தது எனக்கு. கடைசிப் பக்கம் முடிந்ததும், டீ சாப்பிடலாமா அண்ணே என்றார். சாப்பிட்டோம். வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்தது. ஆயர் ஒரு சின்ன மரப் பெட்டியில் வெள்ளைத் துணி விரித்து ஒரு அப்பம், மூடி போட்ட புட்டியில் கொஞ்சம் ரசம், ஒரு காலி கப்பு வைத்தார். செயலர் கையில் கொடுத்துவிட்டு எண்ணூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். குடித்த கப்புகளை வழக்கம்போல எண்ணிக் கழுவினேன். எழுபத்தொன்று. பென்சிலைத் தொடவில்லை. முதலில் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆட்டோவில் செயலர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முட்டையைக் கொண்டுபோகிற மாதிரி. பேசின் பிரிட்ஜ் பக்கம் பள்ளத்தில் வண்டி குதித்தபோது மட்டும் டிரைவரை ஒரு பார்வை பார்த்தார்.

மாடி ஏறினோம். அவருக்கு முழங்கால் சரியில்லை. முதல் மாடியில் நின்றார். இரண்டாவது மாடியில் குடம் வரிசையாக வைத்திருந்தார்கள், அதன் நடுவில் நின்றார். பெட்டியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

"இதுல எப்படிவே அவிய இறங்குனாவ?" என்றார்.

"நாலு பேரு தூக்குனாங்க."

மேலே பார்த்தார். இன்னும் ஒரு மாடி இருந்தது.

என் வீட்டுக்காரி புதுப் புடவை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்று திராட்சை பிழியவில்லை. போன் தண்ணீர் டிரம் மேல் அணைந்திருந்தது. பக்கத்து வீட்டம்மாவும் இருந்தாள். செயலர் மூச்சு வாங்கினார். தண்ணீர் குடித்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, ஆயர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து ஜெபத்தை வாசித்தார். மண்டியில் விலை சொல்கிற குரல் அது. அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாக வந்தது.

நடுவில் எழுந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. அவர் அதை வாசித்ததும் பக்கத்து வீட்டம்மா எழுந்து நின்றாள். செயலர் தாளிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். நெற்றியில் பெரிய குங்குமம். அவள் நிற்கிற வரைக்கும் நிறுத்தி, பிறகு மேலே வாசித்தார்.

அப்பத்தைக் கொடுத்தார். கப்பில் ரசத்தை ஊற்றிக் கொடுத்தார். அவள் கண்ணை மூடி எடுத்தாள். அவள் எடுப்பதை நான் பார்த்தது இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான்.

முடிந்ததும் செயலர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். கழுவ வேண்டும், தண்ணீரை மண்ணில் ஊற்ற வேண்டும், இங்கே மண் எங்கே என்று கேட்டார்.

"அவ துளசிலதான் ஊத்துவேன்," என்றாள் என் வீட்டுக்காரி. "இத்தன நாளும் டம்ளர் கழுவி அங்கதான் ஊத்துனேன். மூணாவது மாடில வேற மண்ணு ஏது?"

வெளியே நடையில் பக்கத்து வீட்டம்மாவின் துளசித் தொட்டி. பழைய பெயிண்டு டப்பா. செயலர் என்னைப் பார்த்தார். 

"ஊத்துங்க சாரு," என்றாள் பக்கத்து வீட்டம்மா. "வெயிலுக்குச் செடி வாடிக்கினு கீது."

செயலர் தண்ணீர் விட்டுக் கப்பை அலசி, குனிந்து, துளசி வேரில் ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே விழவில்லை. கப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

டீ குடிக்கும்போது அவருக்குப் பழைய குரல் வந்துவிட்டது. முடியாதவங்க இருக்காங்க, அதுக்காக முடிஞ்சவனும் வீட்டுல கிடக்கணுமா, நான் லைவ் வேண்டாம்னுதான் சொல்லுவேன் என்றார்.

"சொல்லுங்க," என்றாள் அவள். "லைவ நிறுத்துனா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீங்க மாடி ஏறணும். மாசத்துக்கு ஒருவாட்டி பத்தாது."

முழங்காலைத் தடவிக்கொண்டு அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் லைவ் நல்லது என்று சொல்லவில்லை. நிறுத்து என்றும் சொல்லவில்லை. மூன்றாவது தெருக்காரர்கள் வீட்டுக்குத் தானே போய்ப் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னார். லைவ் ஓடுகிறது. மாதம் ஒரு முறை அவர் மாடியும் ஏறுகிறார்.

முதல் தடவை அவர் மாடி ஏறிய அன்றைக்கு, அவரை மண்டி வாசலில் இறக்கிவிட்டு, பெட்டியோடு நான் சர்ச்சுக்குத் திரும்பினேன். கப்பை எடுத்துத் தட்டில் அதன் குழியில் வைத்தேன். பதிவேட்டைத் திறந்தேன். பென்சிலைப் பிடித்தேன். எழுதவில்லை. இதுவரைக்கும் நானாக எழுதினது போதும். ஆயருக்குப் போன் போட்டேன். எண்ணூரில் அப்போதுதான் முடித்திருந்தார். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது.

இன்றைக்கு எத்தனை எழுதட்டும் என்று கேட்டேன்.

"நம்ம மேசையிலேர்ந்து போன கப்பு எத்தனை திரும்பி வந்துச்சு, அண்ணே?"

தட்டில் கழுவி வைத்த கப்புகளை மறுபடி ஒருமுறை எண்ணினேன்.

எழுபத்திரண்டு.